பரீட்சைக்குப் போன எல்லை மண்

முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன். போன வாரம் எங்க ஊர்ப் பலாமரம் கிழக்கால இருக்குதுன்னு எழுதிட்டேன். மேற்கால இருக்குது. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. எழுத்து கோணும். ஒரு பேச்சை ஆரம்பிச்சா இன்னொன்னுல போய் முடியும். மறதி வேற.

நான் எழுதறதை என் பொண்ணு அலமேலுதான் திருப்பி நல்ல எழுத்துல எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பறா. இந்த வாரத்துத் தாளை மட்டும் அவ கையில குடுக்கலாமா வேணாமான்னு ரெண்டு நாள் தலையணைக்கு அடியில வெச்சிருந்தேன். ஏன்னு போகப் போகத் தெரியும்.

ஒரு நாள் இருந்துட்டுப் போ

அலமேலு பத்தாவது படிச்ச வருசம். எங்க மலைப் பள்ளிக்கூடம் பத்தோட சரி, அதுக்கு மேல கிடையாது. பங்குனி மாசம், செவ்வாய்க்கிழமை, வெயில் சாயற நேரம்.

வூட்டுக்குப் பின்னால ஒரு சப்பட்டைப் பாறை. அது மேல அவ குப்புறப் படுத்துக்கிட்டு, தலைமயிரை விரிச்சுப் போட்டுக்கிட்டு, சரித்திரப் பொஸ்தகம் படிச்சிட்டிருந்தா. காலையில நான்தான் காட்டுச் சீயக்காய் இடிச்சுத் தலைக்கு ஊத்திவிட்டேன். மயிர் காயவே இல்ல, அவ்வளவு அடர்த்தி. நான் பக்கத்துல உக்காந்து புளி தட்டிட்டிருந்தேன்.

அப்பதான் கோயில் பக்கம் மோளம் கேட்டுது. மூணு அடி, ஒரு நிறுத்தம். மறுபடி மூணு அடி.

அது காப்பு மோளம். எனக்குக் கை நின்னுபோச்சு.

எங்க ஊர்ல மாரியம்மனுக்குக் காப்பு கட்டிட்டா, அந்த நேரத்துல ஊருக்குள்ள இருக்கிறவங்க எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகல்ல எங்க வேணா போகலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லைக் கல்லுக்கு உள்ள வந்துடணும். பதினஞ்சாம் நாள் காப்பு அவுக்கிற வரைக்கும் அப்படித்தான். மீறினா அம்மை போடும்னு பயம். எங்க சின்ன வயசுல அம்மையில போன கொழந்தைங்க எத்தனையோ. அதனால அந்தப் பயம் விளையாட்டுப் பயம் இல்ல.

அலமேலுவுக்கு வியாழக்கிழமை பரீட்சை ஆரம்பம். மலை மேல பரீட்சை எழுத எடம் கிடையாது. கீழ, கண்ணமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துலதான் எழுதணும். மலையில இருந்து காலையில எறங்கிப் போய் எழுதிட்டுச் சாயந்தரம் ஏறி வர்ற தூரம் இல்ல. தங்கித்தான் ஆகணும்.

வழக்கமா பௌர்ணமி கழிச்சுத்தான் காப்பு கட்டுவாங்க. அந்த வருசம் பக்கத்து ஊர்ல அம்மை வந்துதுன்னு ஒரு வாரம் முந்திக் கட்டிட்டாங்க. ஆனா தப்பு அதுல இல்ல.

மத்தப் புள்ளைங்களை எல்லாம் பெரிய வாத்தியார் திங்கக்கிழமையே ஜீப்புல ஏத்திக் கீழ கூட்டிப் போய்ட்டார். அலமேலுவை நான்தான் நிறுத்தினேன். “ஒரு நாள் இருந்துட்டுப் போ, செவ்வாய்க்கிழமை தலைக்கு ஊத்தி, கோழி அடிச்சுச் சாமைச் சோறு போட்டு அனுப்பறேன், புதன்கிழமை அப்பா கொண்டாந்து விடுவாரு”ன்னு வாத்தியார்கிட்ட சொல்லியனுப்பினேன்.

தலைக்கு ஊத்தின ஆசை, பொண்ணோட படிப்பு மேல வந்து விழுந்துது.

பரண் மேல படிச்ச பொண்ணு

இந்த எடத்துல கொஞ்சம் பின்னால போகணும்.

எங்க ஊர்ல இருந்து பத்தாவது எழுதப் போன மொத பொண்ணு அவ. பையனுங்களே ரெண்டு பேருதான் எழுதியிருந்தானுங்க. நான் அஞ்சாவது முடிச்சப்ப, அடுத்த பள்ளிக்கூடம் மலைக்குக் கீழன்னு சொன்னாங்க. எங்க அப்பா ஒரு நாள் பூரா யோசிச்சுட்டு, சாயந்தரம் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கியாந்து குடுத்தாரு. அதுதான் பதில். நானும் சந்தோசமாத்தான் இருந்தேன், ஆட்டுக்குட்டி அழகு.

எங்க வூட்டுக்காரருக்குப் படிப்பே கிடையாது. அதிகமாப் பேசவும் மாட்டாரு. பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டு அவ வந்தப்ப, நெலத்துல பரண் ஒன்னு கட்டினாரு. அறுப்பு எல்லாம் எப்பவோ முடிஞ்சு வெறும் நெலம். காவலுக்கு ஒன்னும் இல்ல.

“இன்னாத்துக்குடா பரணு, கிளி ஓட்டவா?”ன்னு ஊர்ல கேட்டாங்க. பொண்ணு படிக்கன்னு சொன்னதும் சிரிச்சாங்க. அவரு காதுல வாங்கல. காத்து வரும், ஈ மொய்க்காது, யாரும் வேலை சொல்ல மாட்டாங்கன்னு அவருக்குக் கணக்கு. புளி உலுக்கற காலத்துல ஒரு கைன்னா ஒரு கைதான், ஆனா அவளைப் புளி தொட விடல. ஓடு குத்தி விரல் புண்ணாயிட்டா பேனா எப்பிடிப் புடிப்பாங்கறது.

அவருக்கு அக்கா ஒருத்தங்க. அவங்க பையனுக்கு அலமேலுவைக் கேட்டுட்டே இருந்தாங்க. பாஸ் பண்ணா மேல படிக்கட்டும், இல்லன்னா வைகாசியில பரியம் போட்டுடலாம்னு பேச்சு. நல்ல பையன்தான். ஆனா அலமேலுவுக்கு நர்சு ஆகணும்.

என்னால ஆன ஒத்தாசை ஒன்னே ஒன்னு. பொஸ்தகத்தை என் கையில குடுத்துட்டு அவ ஒப்பிப்பா, நான் சரி பாக்கணும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவ ஒரு பதிலை முழுசா ஒப்பிச்சு முடிச்சுட்டு, “சரியாம்மா?”ம்பா. நான் ரெண்டாவது வரியில இருப்பேன்.

“இருடி, அவசரப்படாத. இன்னும் அசோகர் மரமே நடல.”

அவ சிரிச்சுச் சிரிச்சுப் பரணே ஆடும். அந்தச் சிரிப்புல ரெண்டு கேள்வி மறந்துபோச்சுன்னு பின்னால என்னைத்தான் திட்டினா.

புடிமண்

காப்பு மோளம் கேட்டதும் அலமேலு பொஸ்தகத்தை மூடினா. அழுவல. ஈரத் தலையை அள்ளிக் கொண்டை போட்டுட்டு, “நீதானம்மா இருக்கச் சொன்ன”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அழுதிருந்தா தேவலாம்.

எங்க வூட்டுக்காரர் புளியமரத்துல இருந்து எறங்கி நேரா கோயிலுக்குப் போனாரு. நானும் பின்னால போனேன். ஊர்க்கவுண்டர் அவருக்குப் பெரியப்பா முறை. எனக்கு மாமனார் முறைங்கறதால முன்னால நின்னு பேச மாட்டேன், மரத்துக்குப் பின்னால நின்னேன்.

எல்லாருக்கும் பரிதாபம்தான். ஆனா யாரும் வழி சொல்லல. ஒருத்தருக்கு விட்டா நாளைக்குப் பத்துப் பேரு கேப்பாங்கன்னாங்க. ஒரு நாள் முந்தி அனுப்பியிருக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னார். நான் மரத்தோட மரமா ஒட்டிக்கிட்டேன்.

எங்க வூட்டுக்காரர் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாரு. அப்புறம் வாயைத் தொறந்தாரு.

“பெரியப்பா, நம்ம பெரியவங்க காஞ்சிபுரத்துலேருந்து மலையேறி வந்தப்ப, சாமியை எப்பிடிக் கொண்டாந்தாங்க?”

“பழைய கோயில்ல ஒரு புடி மண்ணு அள்ளி, புடிமண்ணாத்தான் கொண்டாந்தாங்க. அதுக்கு இன்னா இப்ப?”

“வழியில ராத்தங்கின எடத்துல எல்லாம் சாமி எல்லைக்குள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?”

கவுண்டர் தாடியில கை வெச்சாரு.

“எம்பொண்ணும் எல்லை மண்ணோட போவட்டும். மண்ணைத் தலைமாட்டுல வெச்சுப் படுக்கட்டும். காலடியில வெச்சுப் பரீட்சை எழுதட்டும். எல்லை தாண்டினதா ஆவாது.”

கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு ஒரே மூச்சுல அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல.

கவுண்டர் தாடியைச் சொறிஞ்சுட்டே இருந்தாரு. அப்புறம், “உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பாதது நல்லதாப் போச்சு. வக்கீலாகி ஊரை வித்திருப்ப”ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு உசுரு வந்துது.

ஆனா கட்டுப்பாடு போட்டாரு. பொண்ணு தனியாப் போகக் கூடாது, தாயும் போகணும். எல்லைக் கல்லு அடியில அவரே மண் எடுத்து முடிஞ்சு குடுப்பாரு. முடிச்சை யாரும் அவுக்கக் கூடாது. காப்பு அவுக்கறதுக்கு முன்னால மண் கொறையாம எல்லைக்கு வந்துடணும்.

நடுவுல ஊர்ல எந்த வூட்ல அம்மை போட்டாலும் பதில் சொல்ல வேண்டியது நாங்க.

காத்தாடிக்குக் கீழ

கீழ எங்களுக்குப் போக்கிடம், வருசா வருசம் எங்ககிட்ட புளி எடுக்கற ஏவாரி வூடு ஒன்னுதான். அந்தம்மா பேரு சம்பூரணம். பெரிய சரீரம், பெரிய மனசு, பெரிய வாய்.

மஞ்சத்துணி மூட்டையைப் பாத்துட்டுப் புளின்னு நெனச்சுத் தூக்கிப் பாத்தாங்க. மண்ணுன்னு சொன்னேன்.

“இன்னாம்மா, எங்க ஊர்ல மண்ணுக்குப் பஞ்சம்னு யாராச்சும் சொன்னாங்களா?”

அலமேலுதான் வெவரம் சொன்னா. அந்தம்மா ஒன்னும் கேலி பண்ணல. மூட்டை வைக்கன்னு ஒரு மணை கொண்டாந்து போட்டாங்க.

அங்கதான் நான் மொத மொதலா மின்சாரக் காத்தாடி பாத்தேன். அது ஆடறதைப் பாத்தா எந்த நிமிசமும் பொண்ணு தலைமேல விழும்னு தோணும். அவளைச் செவுத்து ஓரமா இழுத்துப் போட்டேன். “காத்து வரலம்மா, புழுங்குதும்மா”ன்னு அவ. “பரீட்சை முடியற வரைக்கும் தலை வேணும்”னு நான்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்க வூட்டுக்காரர் மலையெறங்கி வருவாரு. சாமைச் சோறு, நெல்லிக்கா, ஒரு பாட்டில்ல தேனு. கொல்லைப்பக்கம் நின்னு, “தின்னாளா? தூங்கினாளா?”ன்னு கேப்பாரு. பரீட்சையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு, விளக்கு வைக்கறதுக்குள்ள எல்லைக்குள்ள போகணும்னு அப்பவே திரும்பி நடப்பாரு. அந்த வெயில்ல, அந்த ஏத்தத்துல. நின்ன நேரம் கால் மணிகூட இருக்காது.

கணக்குப் பரீட்சை

மொத நாலு பரீட்சைக்கு ஒன்னும் இல்ல. வாசல்ல நின்ன வாத்தியார் மூட்டையை மேலால அமுக்கிப் பாத்துட்டு விட்டுட்டார். கணக்குப் பரீட்சை அன்னிக்கு வேற ஒரு டீச்சரம்மா வந்தாங்க. அதுக்கு முந்தின நாள் யாரோ ஒரு பையன் சாப்பாட்டுப் பையில பிட்டுப் பேப்பர் வெச்சிருந்து மாட்டிக்கிட்டானாம்.

நான் எப்பவும் போல கேட்டுக்கு வெளிய, புங்கமரத்தடியில உக்காந்திருந்தேன். மணி அடிச்சாச்சு. அந்த டீச்சரம்மா மூட்டையைக் கையில தூக்கிக்கிட்டு வேகமா வந்தாங்க. மைதானத்துல ஆத்து மணல் கொட்டிப் பரப்பியிருந்தாங்க. அவங்க செருப்பு சரக் சரக்னு சத்தம் போட்டுது.

“இது இன்னாம்மா? உள்ள இன்னா இருக்குது? அவுக்கக் கூடாதுன்னு உன் பொண்ணு அழுவுது.”

மண்ணுங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான் சொல்லணும். எனக்கு வெளியாளுங்க அதட்டினா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். அவுத்துக் காட்டினாத்தான் பொண்ணு எழுத முடியும்னு மட்டும் புரிஞ்சுது. முடிச்சை அவுக்கப் போனேன். அது வரல. பல்லால கடிச்சு இழுத்தேன்.

துணி பிரிஞ்சு மண்ணு பூரா கீழ கொட்டிப்போச்சு.

எங்க மண்ணு செவப்பு. அந்த மணல் வெள்ளை. கொட்டினதும் செவப்பு அப்படியே மணலுக்குள்ள எறங்கிடுச்சு. நான் மண்டி போட்டு அள்ளறேன், அள்ள அள்ள மணல்தான் வருது.

டீச்சரம்மா, “மண்ணா?”ன்னாங்க. அப்பதான் எனக்கு வாய் தொறந்துது. எல்லை, காப்பு, அம்மை, கொறையக் கூடாதுன்னு எல்லாத்தையும் தலைகீழாக் கொட்டினேன். எவ்வளவு புரிஞ்சுதோ தெரியல. அவங்க இஸ்திரி போட்ட சேலையோட எனக்கு எதிர்க்க மண்டி போட்டாங்க.

“கொறையாதும்மா. கொறையாது.”

சொல்லிட்டு ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளித் துணியில போட்டாங்க. அவங்களே முடிச்சுப் போட்டு, உள்ள எடுத்துட்டு ஓடினாங்க.

அது வரைக்கும் அலமேலு பேனாவைத் தொடலையாம். மூட்டை காலடிக்கு வந்தப்புறம்தான் மொத கணக்கு போட்டாளாம். சாயந்தரம் அவளே சொன்னா. முடிச்சு மாறினதை அவ கவனிக்கல. “அவுக்காமயே குடுத்துட்டாங்கம்மா, நல்ல டீச்சர்”னா.

நான் ஆமான்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு எங்க வூட்டுக்காரர் வந்தாரு. தின்னாளா தூங்கினாளான்னு கேட்டுட்டு, போற போக்குல சொன்னாரு, பெரியப்பா பேத்திக்கு அம்மை போட்டிருக்குதுன்னு. என்னிக்குன்னு கேட்டேன். நேத்துன்னாரு. கணக்குப் பரீட்சைக்கு மறுநாள்.

கைக்கொழந்தை அது. இன்னும் ரெண்டு பரீட்சை பாக்கி. அலமேலுகிட்ட சொன்னா அவ எழுத மாட்டா. எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னா அவரு நேரா போய் ஊர்ல சொல்லிடுவாரு, அவருக்கு மறைக்கத் தெரியாது. அதனால நானே வெச்சுக்கிட்டேன். அலமேலு சத்தமா அறிவியல் படிப்பா. நான் பக்கத்துல உக்காந்து, விசிறிக்கிட்டே, உள்ளுக்குள்ள மாரியாத்தாகிட்ட பேசிட்டிருப்பேன். என்னை எடுத்துக்கோ, கொழந்தையை விட்டுடுன்னு.

பரீட்சைக்குப் புள்ளைங்க படிக்கும். பெத்தவங்களுக்கு வேற பாடம்.

விளக்கு வைக்கிற நேரம்

கடைசிப் பரீட்சை முடிஞ்சு மறுநாள் மலையேறினோம். எல்லைக் கல்லுக்கு வந்தப்ப பொழுது எறங்கிட்டிருந்துது. ஊர்க்கவுண்டர் நின்னாரு. அவரு மருமக, அந்தக் கொழந்தையோட அம்மா, வேப்பிலைத் தட்டும் விளக்கும் வெச்சுக்கிட்டு நின்னாங்க. இடுப்புல கொழந்தை. முகத்துல தழும்பு காய்ஞ்சிருந்துது, தலைக்கு ஊத்தியாச்சு. என்னைப் பாத்துச் சிரிச்சுது.

கவுண்டர் மூட்டையை வாங்கினாரு. முடிச்சைப் பாத்தாரு. அது அவரு போட்ட முடிச்சு இல்ல. டீச்சரம்மா பொஸ்தகக் கட்டுக்குப் போடற மாதிரி, பூ முடிச்சு போட்டிருந்தாங்க. அதை அவுத்தாரு. கல்லு அடியில கொட்டினாரு.

விளக்கு வெளிச்சத்துல மணல் மினுக் மினுக்குன்னு மின்னுச்சு. எங்க மண்ணுல அப்படி மின்னாது.

நான் அலமேலு கையைப் புடிச்சுக்கிட்டேன். கவுண்டர் குனிஞ்சு, உள்ளங்கையால அதைத் தடவிப் பரப்பினாரு. ரொம்ப நேரம் தடவினாரு. அப்புறம் நிமிந்து எங்க வூட்டுக்காரரைப் பாத்துச் சொன்னாரு.

“கொறையலடா. கூடத்தான் வந்திருக்குது.”

அலமேலுவைக் கூப்ட்டு, அந்த மண் ஒட்டின கையாலயே நெத்தியில வெச்சுவிட்டாரு.

அவ பாஸாயிட்டா. ஜமுனாமரத்தூர் சந்தையில, யாரையோ விட்டுப் பேப்பர்ல நம்பர் பாத்துட்டு வந்து எங்க வூட்டுக்காரர் பரண் மேல ஏறி உக்காந்துட்டாரு, சோத்துக்குக்கூட எறங்கல. கணக்குலதான் மார்க்கு கம்மி, தட்டித் தடவித் தேறியிருந்தா. மொத கால் மணி நேரம் பேனா தொடாததால இருக்கும். அவளுக்கு அது இன்னிக்கும் கொறைதான். நர்சாகி, ரிட்டையரும் ஆகி, இன்னிக்கு என் எழுத்தைத் திருத்திட்டு உக்காந்திருக்கா. மண் கொட்டினது அவளுக்கு இதை நகல் எடுக்கும்போதுதான் தெரியும். கோவப்படாத கண்ணு. உங்க அப்பா இருந்த வரைக்கும் அவர்கிட்டயும் நான் சொல்லல.

எனக்குச் சில வெவரம் சரியா நெனவில்ல. கணக்குக்கு முன்னால நாலு பரீட்சையா, மூணான்னு அலமேலு பாத்துத் திருத்திக்கட்டும். அந்த டீச்சரம்மா பேரு நான் கேக்கவே இல்ல. அன்னிக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல எழுதின யாராவது இதைப் படிச்சா, பேரைப் பத்திரிகைக்கு எழுதுங்க.

இன்னொன்னு. ஊர்க்கவுண்டருக்குக் கடைசி காலத்துல ரெண்டு கண்ணும் பூ விழுந்து மறைச்சுடுச்சு. அது எந்த வருசம் ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியல. அவரு மருமக இன்னும் அந்த ஊர்லதான் இருக்காங்க, அன்னிக்கு விளக்குப் புடிச்சவங்க. அந்தப் பக்கம் போறவங்க யாராவது அவங்களைக் கேட்டுச் சொன்னா புண்ணியமாப் போகும். அன்னிக்கு அவங்க மாமனாருக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுதா?